850 தங்கக் காசு என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், பிள்ளைகள் கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குத் தமிழ்ப் பத்திரிகையில் இவ்வளவு இடம் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அரக்கனை ஜெயித்தால் தங்கம் கிடைக்கும், தங்கம் சேர்ந்தால் நல்ல ஆயுதம் வாங்கலாம் என்று புதையலை மட்டும் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த வரி எனக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறவன். ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்த ஆட்டம் நடக்கிறது. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். என் அக்கா மகள், அவளுடைய கல்லூரித் தோழிகள் இரண்டு பேர், எதிர்வீட்டுத் தம்பி, அவனுடைய சித்தப்பா என்று ஐந்து பேர் ஆடுகிறார்கள். சூழ்நிலையை நான் சொல்வேன், தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று அவர்கள் சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் பகடையை உருட்டுவோம். அவ்வளவுதான் ஆட்டம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் அப்பா பொன்வேலை செய்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய பட்டறையில் உட்கார்ந்துதான் வீட்டுப் பாடம் எழுதுவேன். புதையலைப் பற்றி எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்தது அங்கிருந்துதான்.

ஆரம்பத்தில் இரண்டு வருடம் நானும் நீங்கள் எழுதியது போலத்தான் நடத்தினேன். ஒரு கொள்ளைக் கூட்டத்தின் குகையை மூன்று வாரம் கஷ்டப்பட்டுப் பிடித்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். நான் புத்தகத்தைப் பார்த்துப் பகடையை உருட்டி, "850 தங்கக் காசு" என்றேன். ஐந்து பேரும் குனிந்து கேரக்டர் ஷீட்டில், அதாவது தங்கள் பாத்திரத்தின் விவரத் தாளில், ஒரு எண்ணை அழித்துவிட்டு இன்னொரு எண்ணை எழுதினார்கள். "சரி, அடுத்து எங்கே போறோம்?" என்று கேட்டார்கள். மூன்று வாரக் கதை ஒரு கூட்டல் கணக்காக முடிந்துபோனதே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் ஒரு முறை புத்தகத்தின் புதையல் அட்டவணையில் 250 காசு பெறுமான நகை ஒன்று வந்தது. இந்தத் தடவை எண்ணைச் சொல்லவில்லை. "ஒரு பழைய துணி முடிச்சு. உள்ளே குழந்தைக்குக் கட்டுகிற அரைஞாண், தங்கம். ஏழு மணி இருக்க வேண்டியதில் ஆறுதான் இருக்கிறது. கொக்கி நெளிந்திருக்கிறது, அவிழ்க்காமல் யாரோ இழுத்துப் பிடுங்கின மாதிரி" என்று மட்டும் சொன்னேன். கூடமே அமைதியாகிவிட்டது. என் அக்கா மகள் மெதுவாக, "மாமா, யார் குழந்தை?" என்றாள். அந்த நிமிடம் எனக்கே பதில் தெரியாது. அன்றைக்கு மீதி இருந்த இரண்டு மணி நேரமும் அதற்கப்புறம் நான்கு சனிக்கிழமையும் அந்த அரைஞாணைச் சுற்றியே போயின. விற்றுவிடலாம் என்று எதிர்வீட்டுத் தம்பி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான், ஆனால் ஊர் ஊராக விசாரிக்கப் போனதில் எல்லோருக்கும் முன்னால் நடந்ததும் அவன்தான். கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 250 காசு நகைக்காக அவர்கள் செலவழித்தது 400 காசுக்கு மேல் இருக்கும். ஒருத்தர்கூட நஷ்டம் என்று சொல்லவில்லை.

பட்டறையில் அப்பா ஒரு நகையை மதிப்புப் போடுகிற விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்ப்பார். உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார், பக்கத்திலேயே தரம் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு, மேலே ஒரு சொட்டு திராவகம். எந்தக் கோடு முதலில் மங்குகிறது என்று பார்ப்பார். பிறகு தராசு. கல்லின் எடையைக் கழிப்பார், உள்ளே அரக்கு இருந்தால் அதையும் கழிப்பார். இதெல்லாம் முடிகிறவரை அந்த நகையைக் கொண்டுவந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கல்யாணத்துக்குப் போட்ட வளையலுக்கு அந்த அம்மாவின் மனதில் ஒரு விலை, அப்பாவின் தராசில் ஒரு விலை, வாங்கி உருக்கப்போகிற கடைக்காரரிடம் இன்னொரு விலை. மூன்றும் ஒரே வளையல்தான்.

இதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவந்தேன். என் மேசையில் எந்த நகையின் விலையையும் நான் சொல்வதில்லை, யாரிடமாவது காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு முறை மாணிக்க மோதிரம் ஒன்று கிடைத்தது. துறைமுகத்துக் காசு மாற்றுகிறவர் உடனே 300 காசு தருவதாகச் சொன்னார். அரண்மனை நகை வியாபாரி 450 தருவார், ஆனால் பத்து நாள் ஆகும், எங்கே கிடைத்தது என்றும் கேட்பார். திருட்டுச் சாமான் வாங்குகிற ஒருத்தி 200 தருவாள், எதுவும் கேட்க மாட்டாள். அன்று ஒரு சண்டையும் இல்லை, ஒரு பூதமும் வரவில்லை. அந்த மூன்று விலைக்கு நடுவில் நடந்த வாக்குவாதத்தைத்தான் அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி வாளும் கவசமும் விற்றால் பாதி விலைக்குத்தான் போகும், ரத்தினமும் நகையும் மட்டும் சந்தையில் முழு மதிப்புக்குப் போகும். இந்த விதியை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. கடையில் இன்றைக்கு வாங்கின சங்கிலியை நாளைக்கு விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் போயிருக்கும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எண்ணே சொல்லக் கூடாது என்று நான் வாதாடவில்லை. எண்ணைச் சொன்னால் அதன் கனம் தெரிய வேண்டும். அதே ஐந்தாம் பதிப்பில் 50 காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, அதாவது 454 கிராம். அப்படியானால் ஒரு தங்கக் காசு ஒன்பது கிராமுக்குக் கொஞ்சம் மேல், நம் கணக்கில் ஒரு பவுனைவிடச் சற்று அதிகம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அலட்சியமாகச் சொன்ன 850 காசு ஏழரைக் கிலோவுக்கு மேல் தங்கம்! வேலை தெரியாத கூலியாளுக்கு அந்த உலகத்தில் நாளுக்கு இரண்டு வெள்ளிக் காசு, பத்து வெள்ளி ஒரு தங்கம், ஆக ஒரு தங்கக் காசு என்பது ஐந்து நாள் கூலி. உடம்பு முழுக்க மூடுகிற தகட்டுக் கவசம் 1,500 காசு, ஒரு கூலியாள் இருபது வருடத்துக்கு மேல் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல், ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல் உழைத்தால் வாங்கலாம். ஒரு பசு பத்துக் காசு. ஒரு பவுண்டு மிளகு இரண்டு காசு, பத்து நாள் கூலி. பொன்னோடு வந்து மிளகோடு போன யவனர்களைச் சங்கப் பாட்டில் படித்த நமக்கு இந்த மிளகு விலையைப் பார்த்ததும் சட்டென்று ஒன்று புரியும், புதையல் என்றால் மஞ்சளாக மின்ன வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் கதையில் ஒரு முறை பெட்டி நிறைய மிளகு வைத்தேன். தோழிகளில் ஒருத்தி மோந்து பார்த்துவிட்டு மூடிவிட்டாள். சித்தப்பாதான் "அம்மா, அதைக் கீழே வைக்காதே" என்று கத்தினார்.

இந்த விளையாட்டு 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து வெளியிட்டது. அந்தக் காலத்து விதி ஒன்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், இப்போது ஆடுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியாது. அனுபவப் புள்ளி சேர்ந்தால்தான் பாத்திரம் அடுத்த நிலைக்கு உயரும். அந்தக் காலத்துப் பதிப்புகள் பலவற்றில் எதிரியைக் கொன்றால் கிடைக்கிற புள்ளி ரொம்பக் குறைவு. வெளியே கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு புள்ளி. 1981-இல் வந்த அடிப்படைத் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்ளின் குட்டிப் பூதத்தைக் கொன்றால் ஐந்து புள்ளி. போர்வீரன் இரண்டாம் நிலைக்குப் போக 2,000 புள்ளி வேண்டும். நானூறு கோப்ளினைக் கொல்ல வேண்டும், அதற்குள் அவன் பத்துத் தடவை செத்திருப்பான். அதனால் புத்தியுள்ளவன் சண்டைக்கே போக மாட்டான். பூதம் தூங்குகிற நேரம் எது, பின்வாசல் எங்கே, யாரை ஏமாற்றலாம், யாரோடு பேசி முடிக்கலாம் என்று யோசிப்பான்.

அதே தொகுப்பில் காசின் எடையும் கடுமை. பத்துக் காசுக்கே ஒரு பவுண்டு. ஒரு ஆள் அதிகபட்சம் 1,600 காசு எடைதான் தூக்கலாம், 800 காசு எடையைத் தாண்டினாலே நடை கால்வாசி வேகத்துக்கு வந்துவிடும். நூறு செப்புக் காசு சேர்ந்தால்தான் ஒரு தங்கம் என்பதால் 2,000 செப்புக் காசு கிடந்தாலும் அதன் மதிப்பு வெறும் 20 தங்கம், அதை ஒரு ஆளால் தூக்கவும் முடியாது. எதை எடுப்பது, எதை விட்டுவிட்டு ஓடுவது என்ற கேள்வி ஒவ்வொரு அறையிலும் வரும். ஒரு வருடம் முழுக்க இந்தப் பழைய விதியில் நடத்திப் பார்த்தேன். முதல் மாதம் எங்கள் ஆட்கள் பேராசைப்பட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டினார்கள், துரத்தல் வந்தபோது ஓட முடியாமல் பாதையெல்லாம் வெள்ளியைக் கொட்டிக்கொண்டே போனார்கள். மூன்றாவது மாதம் உள்ளே நுழையும்போதே கயிறு, சாக்கு, கழுதை, கழுதைக்குத் தீனி என்று பட்டியல் போட்டார்கள். என் அக்கா மகள் ஒரு முறை கோப்ளின் தலைவனிடமே பேசி, மேலே மாட்டியிருந்த பட்டுத் திரைச்சீலையைப் பத்து ஆட்டுக்குப் பண்டமாற்று செய்துகொண்டு வந்தாள். பத்து ஆடு பத்துத் தங்கம்தான், பட்டோ ஒரு சதுர கஜமே பத்துத் தங்கம். ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. சண்டை போடாமல் யோசிக்க வை என்று நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது, விதியை மாற்றினதும் தானாக நடந்தது.

ஆர்னெசன் தான் நடத்திவந்த பிளாக்மூர் என்ற கதை ஆட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் 1977-இல் வெளியிட்ட குறிப்புகளின்படி காசைச் சேர்த்தால் போதாது, அவரவர் பாத்திரத்துக்கு எதில் பற்றோ அதில் செலவழித்தால்தான் அனுபவம். பக்திமான் கோயிலுக்குக் கொடுப்பான், குடிகாரன் சாராயக் கடையில் தொலைப்பான். பணத்தை எப்படிச் செலவழிக்கிறான் என்பதில்தானே ஒரு ஆள் யாரென்று தெரிகிறது!

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே தங்கத்துக்குப் புள்ளி என்கிற அந்தப் பழைய விதி, வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு ஒதுங்கிவிட்டது. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அதற்குப் பதில் ஒரு அட்டவணை வந்தது. ஐந்தாம் நிலையில் இருக்கிறவரிடம் மொத்தம் 9,000 காசு பெறுமான சொத்து இருக்க வேண்டும், பத்தாம் நிலையில் 49,000 என்று. எதிரிகளின் பலத்தைக் கணக்காக வைக்க அது உதவும், எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு புதையல் என்பது மாதச் சம்பளம் மாதிரி ஆகிவிட்டது, இந்த மாதம் குறைந்தால் அடுத்த மாதம் சேர்த்துக் கொடு என்று டிஎம்மிடம் கேட்கிற நிலைமை. மந்திர வாளைக் கடையில் விலை கேட்டு வாங்குகிறார்கள். முன்னோரின் கல்லறையில் எடுத்த வாளை, அடுத்த ஊரில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு இன்னும் கொஞ்சம் கூர்மையான வாள் வாங்குகிறார்கள். எனக்கு இது வேதனையாக இருக்கிறது.

வைரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் பதிப்பில் இறந்து ஒரு நிமிடத்துக்குள் ஒருவரை எழுப்புகிற மந்திரம் இருக்கிறது, அதற்கு 300 காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், மந்திரம் முடிந்ததும் வைரம் காணாமல் போய்விடும். பத்து நாள்வரை ஆகிவிட்டால் வேறு மந்திரம், அதற்கு 500 காசு வைரம். இதைப் படித்ததும் கல்லூரித் தோழிகளில் ஒருத்தி கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. "அண்ணா, 100 காசு வைரத்தை ஒருத்தன் என்கிட்ட 300-க்கு ஏமாத்தி வித்துட்டா, மந்திரம் வேலை செய்யுமா?" கூட்டாளியிடமே 300-க்கு வாங்கி உடனே பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்? வைரம் மலிந்துபோன நாட்டில் கை நிறையக் கொட்ட வேண்டுமா? மதிப்பு என்பது கல்லில் இருக்கிறதா, சந்தையில் இருக்கிறதா, கொடுக்கிறவர் மனதில் இருக்கிறதா என்று ஒரு மாலை முழுக்கப் பேசினோம். எங்கள் மேசையில் ஒரு முடிவுக்கு வந்தோம், ஏமாந்து வாங்கினால் செல்லாது, கூட்டாளிக்குள் கைமாற்றினால் செல்லாது, அந்த ஊரில் நியாயமான ஒரு வியாபாரி அன்றைக்கு என்ன தருவாரோ அதுதான் கணக்கு.

வைரம் இருந்தால்தான் எழுப்பலாம் என்கிற விதி பிற்பாடு எங்களைப் பழி வாங்கியது. அவர்களிடம் ஒரே ஒரு வைரம் இருந்தது. குதிரை வேண்டும் என்று எதிர்வீட்டுத் தம்பி அதை விற்றான், நல்ல போர்க்குதிரை, 400 காசு, கையில் இருந்ததையும் சேர்த்து வாங்கினான். அடுத்த வாரமே பாலத்தில் சித்தப்பாவின் பாத்திரம் விழுந்து செத்தது. எழுப்ப வைரம் இல்லை. குதிரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அந்தப் பையன் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. ஒன்றரை வருடமாக நடந்த பாத்திரம் அது. "850 தங்கக் காசு" என்று நான் சொன்ன காலத்தில் இப்படி ஒரு மாலை அமைந்திருக்க வாய்ப்பே இல்லை.

கையில் குவிந்த தங்கத்தை எங்கே செலவழிப்பது என்பது அடுத்த சிக்கல். இருநூறு பேர் இருக்கிற ஒரு கிராமத்துக்கு எங்கள் ஆட்கள் 9,000 தங்கக் காசோடு வந்து சேர்ந்தார்கள். பசி. ஒரு பாட்டியிடம் கோழி கேட்டார்கள், கோழி இரண்டு செப்புக் காசு. இவர்களிடம் இருப்பதெல்லாம் தங்கம், ஒரு தங்கத்துக்கு ஐம்பது கோழி. பாட்டியிடம் சில்லறை இல்லை, அந்த ஊரிலேயே இல்லை. "மீதியை வெச்சுக்கோங்க பாட்டி" என்று ஒருத்தி பெருந்தன்மையாகக் கொடுத்தாள். மறுநாள் காலையில் ஊரில் கோழி விலை ஒரு தங்கம். 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டிலேயே கைகாக்ஸ் இதைத் தொட்டிருக்கிறார், அலாஸ்காவில் தங்கம் தேடிப் போன காலத்தில் ஒரு முட்டை ஒரு டாலருக்கு விற்ற ஊர்களைப் போல நினைத்துக்கொள்ளுங்கள் என்று. நிஜத்திலும் நடந்ததுதான், 1324-இல் மாலி நாட்டு மன்னர் மன்சா மூசா ஹஜ் பயணத்தின்போது கெய்ரோவில் தங்கத்தை வாரி வழங்கியதில் அங்கே தங்கத்தின் விலை விழுந்து, பன்னிரண்டு வருடம் கழித்தும் எழுந்திருக்கவில்லை என்று அந்தக் காலத்து அரபு எழுத்தாளர் அல் உமரி எழுதிவைத்திருக்கிறார்.

காசையே காசாக மட்டும் பார்க்காமல் இருக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது நம் புதுக்கோட்டைப் புதையல். 1898-இல் அங்கே 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அதில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு. இனிமேல் இது காசாகச் செல்லாது, எடைக்கு மட்டும்தான் என்று காட்டவே வெட்டியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இதைப் படித்த வாரமே எங்கள் கதையில் ஒரு பானை நிறைய முகம் வெட்டுப்பட்ட காசுகளை வைத்தேன். எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இந்த ராஜா முகத்தை யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள், இதைக் கடைத்தெருவில் நீட்டினால் நம்மைப் பிடித்து உள்ளே போடுவார்களா என்றுதான் கேட்டார்கள். கதை அந்தப் பானையிலிருந்து எட்டு மாதம் ஓடியது.

யாருடைய நிலத்தில் எடுத்தோம் என்ற கேள்வியையும் விடாதீர்கள். நம் நாட்டில் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். புதைத்தவர் யாருமில்லை என்று முடிவாகி, அரசும் எடுத்துக்கொள்ளாவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இங்கிலாந்தில் 2009-இல் ஒரு பண்ணை நிலத்தில் கிடைத்த ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலுக்கு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு மதிப்புப் போட்டு, கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் கதையில் நான் அந்தக் கால் பங்கு விதியை அப்படியே ஒரு ஜமீனுக்குக் கொடுத்தேன். அவருடைய கணக்குப்பிள்ளை தராசோடு குகை வாசலில் வந்து நின்றபோது அவர்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே, டிராகனிடம்கூட அவ்வளவு கோபப்பட்டதில்லை.

பங்கு பிரிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன், இது என் அக்கா மகளின் யோசனை. உடைக்க முடியாத பொருள் ஒன்று கிடைத்தால், ஒரு மந்திர வாள் என்று வையுங்கள், அவர்கள் ஏலச்சீட்டு மாதிரி நடத்துகிறார்கள். யாருக்கு ரொம்பத் தேவையோ அவர் தள்ளி எடுக்கலாம், தன் காசுப் பங்கிலிருந்து எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று கேட்க வேண்டும். விட்ட காசு மற்றவர்களுக்குப் பிரியும். முன்பு இதற்காகச் சண்டை வந்து ஒருத்தி இரண்டு வாரம் வராமலே இருந்திருக்கிறாள், இப்போது வருவதில்லை.

கணக்கு எழுதுவதே பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். எல்லா விளையாட்டும் காசை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்வதில்லை. பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற ஆட்டத்தில் திருடர் கூட்டம், அதில் செப்பு வெள்ளிக் கணக்கெல்லாம் கிடையாது, மொத்தமாக 'காயின்' என்று ஒரே அளவு. நாற்பது காயின் ஒதுக்கிவைத்த ஆள்தான் தொழிலை விட்டபின் வசதியாக வாழ முடியும், பத்துக்குள் இருந்தால் கடைசிக் காலம் தெருவில்தான். அதனால் அந்த ஒவ்வொரு காயினும் வலிக்கும். 1977-இல் வந்த ட்ராவலர் இன்னொரு மாதிரி. விண்கப்பல் வாங்கினால் 480 மாதம், அதாவது நாற்பது வருடம், மாதாமாதம் கப்பல் விலையில் 240-இல் ஒரு பங்கு கட்ட வேண்டும். தவணை தேதி நெருங்கும்போது எந்தச் சரக்கையும் எந்தக் கிரகத்துக்கும் ஏற்றிக்கொண்டு போகத் தயாராகிவிடுவார்கள். வீட்டுக் கடன் கட்டுகிற எவருக்கும் அந்த ஆட்டம் முதல் நாளே புரிந்துவிடும்.

அதனால் ஆசிரியர் அவர்களே, இந்த விளையாட்டுகளைப் பற்றி மறுபடி எழுதினால் புதையலுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். உங்கள் கட்டுரையைப் படித்துப் புதிதாக ஆரம்பித்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் கேட்டுக்கொள்வது, அடுத்த முறை பெட்டி திறக்கும்போது எண்ணைச் சொல்லாமல் ஒரு பொருளைச் சொல்லிப் பாருங்கள். அது எவ்வளவு கனம், யார் கையில் இருந்தது, இந்த ஊரில் அதை யார் வாங்குவார், இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், மீதியை உங்கள் ஆட்டக்காரர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

போன சனிக்கிழமை எங்கள் ஆட்கள் ஒரு டிராகனின் குகைக்குள் போய்ச் சேர்ந்தார்கள். குவியலுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே 43 துணி முடிச்சுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச் சீட்டு, கூடவே ஒரு பேரேடு. அறுபது வருடத்துக்கு முன் டிராகன் எரித்த ஊரின் அடகுக் கடைப் பெட்டி அது. முடிச்சுகளைத் திரும்பக் கொடுக்கலாம் என்று மூன்று பேர், எல்லோரும் செத்திருப்பார்கள் என்று ஒருத்தர். சித்தப்பா வங்கியில் நகைக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேரேட்டில் அசல் என்ன, வட்டி என்ன விகிதம் என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். கடைக்காரரின் வாரிசு உயிரோடு இருந்தால் அறுபது வருட வட்டி யாருக்குச் சேரும் என்று அவர் கேட்டபோது மணி பத்தரை, பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போக வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். வரும் சனிக்கிழமை அங்கிருந்து தொடர்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கோயம்புத்தூர்.